அழத் தெரிந்த எந்திரம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல் துறை

‘அழுத பிள்ளைக்குத்தான் பால்’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. பிள்ளை அழுகிறது; தாய் ஓடி வருகிறாள். ஆனால் அந்த அழுகை தாயின் காதில் விழவில்லை என்றால்? விழுந்தும், பசிக்கு அழுகிறதா எறும்பு கடித்து அழுகிறதா என்று விளங்கவில்லை என்றால்? இக்கேள்வியை ஓர் அச்சு எந்திரத்தின் முன்னால் நின்று எண்ணிப் பார்க்கும் நிலை எனக்கு ஏற்பட்டது. அந்த அனுபவத்தையும், அதன் வழியே நான் கற்ற சிறு பாடத்தையும் தோழர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல்; இல்லையேல் மிளகாய், கொத்தமல்லி, கம்பு. அதுவும் பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேலையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பலர் வீட்டில் அடுப்பு எரியும்.

சென்ற ஆண்டு, நான் முதலாண்டில் இருந்தபோது, கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று தேவைப்பட்டது. விண்ணப்பித்துச் சில நாட்களில், சான்று தயார் என்று அம்மாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. மறுநாள் கல்லூரியில் கொடுக்கக் கடைசி நாள். கைபேசிக்கு ஏதேனும் எண் வந்தால் அதைச் சொல்ல வேண்டுமே என்று, மிளகாய் பறிப்புக்குப் போகாமல் அம்மாவும் என்னுடன் சேவை மையத்துக்கு வந்தார். அன்று முகூர்த்த நாள். பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடந்தது. மையத்தில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். முதியோர் ஓய்வூதியத்துக்காக வந்த ஒரு தாத்தா, பட்டா நகல் கேட்டு வந்த இரண்டு பேர், மடியில் குழந்தையோடு ஓர் அக்கா.

எங்கள் முறை வருவதற்குள் அந்தச் சிறிய பிரிண்டரில் ஆரஞ்சு விளக்கு மினுக்கத் தொடங்கியது. மையத்தில் இருந்த பெண் மூடியைத் திறந்தார். டோனர் கேட்ரிட்ஜை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் குலுக்கி மறுபடி பொருத்தினார். ஒரு தாள் மங்கலாக வந்தது. அடுத்த தாள் வெள்ளையாகவே வந்தது.

“நாளைக்கு வாங்கம்மா. டோனர் தீர்ந்துபோச்சு. டவுன்ல இருந்து வரணும்.”

“நாளைக்குத்தான் கடேசி நாளு தாயி” என்றார் அம்மா. பிறகு கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு, “ஏன் தாயி, அந்தப் பொட்டிக்கு என்ன வேணும்னு நேத்தே கேட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணினி அறிவியல் படிக்கிறவன் என்ற நினைப்பில் நானும் சிரித்தேன். திரும்பி நடக்கும்போது அம்மா சொன்னார்: “நம்ம ஊரு தொட்டியில தண்ணி இல்லைங்கறது குழாய்ல கொடத்த வச்ச பெறகுதானப்பா தெரியுது. அது மாதிரித்தான் இதுவும்.” மறுநாள் இருவரும் அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சான்றை அச்செடுத்து, கல்லூரி மூடுவதற்குள் கொடுத்துவிட்டோம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்பதால் அம்மாவுக்குப் பயணச் செலவில்லை. ஆனால் இரண்டு நாள் கூலி போனது போனதுதான்.

இந்த ஆண்டு கணினி வலையமைப்புப் பாடத்தில் எங்கள் பேராசிரியர் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையை நடத்தினார். வலையில் இணைந்துள்ள கருவிகளைத் தொலைவிலிருந்தே நலம் விசாரிப்பதற்கான எளிய விதிமுறை அது. 1988-இல் வெளிவந்தது. நாம் ஒரு கேள்வி அனுப்புகிறோம். கருவி ஒரு விடை அனுப்புகிறது. “பிரிண்டரைக் கூடக் கேட்கலாமா ஐயா?” என்றேன். “அதற்கென்றே தனி அட்டவணை இருக்கிறதே” என்றார் அவர். அம்மாவின் கேள்வி என் நினைவுக்கு வந்தது. வரிசையில் நின்று சிரித்ததற்காக அந்த வகுப்பில் உட்கார்ந்து வெட்கப்பட்டேன்.

அந்த அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்குக் கடிதம் வர வேண்டுமானால் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர், தெரு, கதவு எண் என்று முகவரி இறங்கி வருகிறது அல்லவா? அதுபோலவே ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளி வைத்த எண்களால் ஒரு முகவரி உண்டு. 1.3.6.1.2.1.43 என்று இறங்கினால் அது அச்சு எந்திரங்களின் தெரு. அதற்குள் 11.1.1.9 என்ற வீட்டைத் தட்டினால் டோனர் எவ்வளவு மிச்சம் என்ற விடை வரும். பக்கத்து வீடான 11.1.1.8, டோனரின் முழுக் கொள்ளளவைச் சொல்லும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விழுக்காடு கிடைத்துவிடும். எந்திரம் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் இந்தப் பொது அட்டவணையை ஏற்றிருந்தால் முகவரி மாறாது. இதைத்தான் தரப்படுத்துதல் என்கிறார்கள்.

இதன் அருமை, இது இல்லாத காலத்தை எண்ணிப் பார்த்தால்தான் விளங்கும். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற இளைஞர் பணியாற்றினார். பிரிண்டர் ஓரிடம், வேலை செய்பவர்கள் வேறிடம். அச்சுக்கு அனுப்பிவிட்டு நெடுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தாள் சிக்கி எந்திரம் நின்றுபோயிருக்கும். ஸ்டால்மன் அந்த எந்திரத்தின் மென்பொருளைத் திருத்தினார். தாள் சிக்கினால் காத்திருப்போர் அனைவரின் திரைக்கும் செய்தி போகும்படி செய்தார். பின்பு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதன் மூல நிரல் தரப்படவில்லை. ஆகவே அந்த உதவியை அதற்குச் செய்ய முடியவில்லை. மூல நிரல் வைத்திருந்த மற்றொரு பல்கலைக்கழகத்தாரிடம் போய்க் கேட்டும் கிடைக்கவில்லை. அந்த மனத்தாங்கலும் சேர்ந்துதான் 1983-இல் அவர் அறிவித்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். தாள் சிக்கியதைச் சொல்லத் தெரியாத ஓர் எந்திரம் எத்தனை பெரிய காரியத்துக்குக் காரணமாயிற்று!

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழி பிறந்தது. 1993-இல் வெளியான ஒரு பொது அட்டவணை, பிரிண்டரின் குறைகளை எட்டாக வகுத்தது: தாள் குறைவு, தாள் இல்லை, டோனர் குறைவு, டோனர் இல்லை, கதவு திறந்திருக்கிறது, தாள் சிக்கியது, தொடர்பில் இல்லை, பழுதுபார்க்க ஆள் தேவை. பசியா, எறும்புக்கடியா என்று பிரித்துச் சொல்லும் எட்டு அழுகைகள் என்று வைத்துக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டில் மேலும் ஏழு சேர்ந்து பதினைந்தாயின. 1995-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிண்டருக்கென்றே தனி அட்டவணை, ஆர்.எஃப்.சி. 1759 என்ற எண்ணோடு வெளிவந்தது. அதன் ஆசிரியர்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், லெக்ஸ்மார்க், ஜெராக்ஸ், அடோபி, ஹியூலெட் பேக்கார்டு ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ‘டோனர் குறைவு’ என்பதை எல்லா எந்திரமும் ஒரே மாதிரிச் சொல்லட்டும் என்று உடன்பட்டார்கள். 2004-இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. நகல் எடுப்பது, ஸ்கேன் செய்வது, அச்சிடுவது என்று மூன்று வேலையையும் பார்க்கும் ஆல் இன் ஒன் எந்திரங்களும் அச்சிடும் பகுதிக்கு இந்த அட்டவணையையே பின்பற்றுகின்றன.

இந்த உடன்பாட்டின் அருமை தமிழர்களுக்கு நன்றாகவே புரியும். ஒரு காலத்தில் கணினித் தமிழில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறாக இருந்தது. ஒருவர் தட்டி அனுப்பிய கடிதம் மற்றவர் கணினியில் கோழி கிளறியதுபோல் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த முயன்றது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று எந்தக் கைபேசியிலிருந்து அனுப்பினாலும் ‘அம்மா’ என்பது ‘அம்மா’ என்றே போய்ச் சேருகிறது.

எஸ்.என்.எம்.பி. கடல் கடந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட் என்ற நிறுவனம், இந்த நெறிமுறைக்கான மென்பொருள் கருவிகளைச் சென்னையில் உருவாக்கித்தான் தன் வாழ்வைத் தொடங்கியது. 2009-இல் சோகோ எனப் பெயர் மாற்றிக்கொண்டது அந்நிறுவனமே. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் இருப்பதை நம்மில் பலர் அறிவர்.

பேராசிரியரின் ஒப்புதலும் துறைத் தலைவரின் அனுமதியும் பெற்று, நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் வலையில் இணைந்த மூன்று எந்திரங்களுக்குக் கேள்வி அனுப்பும் சிறு நிரல் ஒன்றை எழுதினோம். ஒன்று ஆய்வகத்துப் பிரிண்டர், ஒன்று அலுவலகத்து ஆல் இன் ஒன், மற்றொன்று நூலகத்தில் இருப்பது. மூன்றும் மூன்று நிறுவனங்களின் தயாரிப்பு. முதலாவது, ‘நூறில் 62’ என்றது. இரண்டாவது, ‘6000 பக்கத்தில் 1400’ என்றது. மூன்றாவது தந்த விடை: ‘மைனஸ் 3’.

டோனர் எப்படி மைனஸ் மூன்று ஆகும்? கடன் வாங்கி அச்சடிக்கிறதா என்று தோழர் கேட்க, ஆய்வகமே சிரித்தது. நிரலில்தான் பிழை என்று ஒரு மாலை முழுவதும் தேடினோம். கடைசியில் பேராசிரியர், “விதிமுறையைப் படித்தீர்களா?” என்றார். படித்தோம். அந்த இடத்தில் மைனஸ் 2 என்றால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று பொருள். மைனஸ் 3 என்றால் ‘கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று சொல்லத் தெரியாது’ என்று பொருள். அரிசிப் பானையைப் பற்றிக் கேட்டால் அம்மா சொல்லும் ‘கொஞ்சம் கெடக்கு’ என்ற விடைதான் அது! தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஓர் எண்ணை ஒதுக்கி வைத்த அந்தப் பெரியவர்களை மனத்துக்குள் வணங்கினேன். தேர்வுத் தாளில் நமக்கும் அப்படியோர் எண் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நிரல் ஒவ்வொரு நாளும் காலை 9 மணிக்கு மூன்று எந்திரங்களையும் விசாரித்து, விடையைத் தமிழில் ஒரு கோப்பில் எழுதி வைத்தது. ‘ஆய்வகம்: நலம்.’ ‘அலுவலகம்: தாள் குறைவு.’ அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் கேள்விக்கு விடை கண்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாசிச் சிவராத்திரி வந்தது. குலதெய்வக் கும்பிடுக்கு ஊருக்குப் போனேன். திரும்பி வந்த நாள், முதலாண்டு மாணவர்களுக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு. நிரலை எழுதி, இயக்கி, வெளியீட்டை அச்செடுத்து விடைத்தாளோடு இணைக்க வேண்டும். பதினோரு பேர் அச்செடுத்தார்கள். பன்னிரண்டாவதாக நின்ற மாணவியின் தாள் மங்கலாக வந்தது. அடுத்தது வெள்ளையாக வந்தது. யாரோ கேட்ரிட்ஜை எடுத்துக் குலுக்கினார்கள். அந்தக் காட்சியை நான் முன்பே பார்த்திருக்கிறேன் அல்லவா? அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. “என் புரோகிராம் சரியா ஓடுச்சு அண்ணே, நீங்களே ஸ்கிரீன்ல பாருங்க” என்றாள். தேர்வு நடத்திய ஆசிரியர் திரையைப் பார்த்தே மதிப்பெண் இட்டார், யாருக்கும் இழப்பில்லை. ஆயினும் என் நெஞ்சு ஆறவில்லை.

ஓடிப்போய் என் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான்கு நாளும் ஒரே வரி: ‘ஆய்வகம்: டோனர் குறைவு.’ ‘ஆய்வகம்: டோனர் குறைவு.’ நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதியிருந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அப்படியொரு கோப்பு இருப்பதே என்னையும் தோழரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவரும் ஊருக்குப் போயிருந்தார். எந்திரம் நான்கு நாள் அழுதிருக்கிறது. அந்த அழுகையை நான் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன்.

சேவை மையத்தில் அந்தப் பெண்ணை நான் மனத்துக்குள் எவ்வளவு குறை சொல்லியிருப்பேன்! அவரிடம் இருந்தது ஒரே கம்பியால் ஒரே கணினியோடு கட்டிய சிறிய எந்திரம். தொலைவிலிருந்து அதை விசாரிக்க வழி இல்லை. அவருக்கு மினுக்கும் விளக்கு ஒன்றுதான் மொழி. எனக்கோ உலகம் உடன்பட்ட ஒரு மொழியே கையில் இருந்தது. இருந்தும் பன்னிரண்டாவதாக நின்ற மாணவிதான் முதலில் அறிய நேர்ந்தது, தொட்டி காலி என்பதைக் குடத்தோடு போனவர் அறிவதுபோல.

இந்தத் தவற்றைச் செய்தவன் நான் மட்டும் அல்லேன் என்பதைப் பின்னால் பாடத்தில் படித்து ஆறுதல் அடைந்தேன். எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பில், கருவி தானாகவே அனுப்பும் எச்சரிக்கைக்கு ‘டிராப்’ என்று பெயர். அதை அனுப்பியதோடு கருவியின் கடமை முடிந்தது. வழியில் தொலைந்தாலும் கருவிக்குத் தெரியாது. இரண்டாம் பதிப்பில் ‘இன்ஃபார்ம்’ என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற மறுமொழி வராவிட்டால் மறுபடி அனுப்பலாம். சொன்னோம் என்பதற்கும், கேட்டார்கள் என்பதற்கும் உள்ள இடைவெளி அவர்களுக்கும் அனுபவத்தில்தான் புரிந்திருக்கும் போலும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. பெரிய அலுவலகங்களில் வெளியாரின் கேள்வி உள்ளே நுழைய முடியாதபடி வலையில் காவல் இருக்கும். பராமரிப்பவரோ வேறு ஊரில் இருப்பார். இந்தச் சிக்கலுக்காக, பிரிண்டர் வொர்க்கிங் குரூப் என்ற நிறுவனங்களின் கூட்டமைப்பு 2006-இல் விம்ஸ் என்ற முறையை வகுத்தது. இதில் வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் கருவியே வெளியே உள்ள மேலாளரைத் தொடர்புகொண்டு, ‘எனக்கு என்ன கட்டளை?’ என்று கேட்கும். தன் நிலையையும் அறிக்கையாகத் தரும்.

காவலைப் பற்றியும் ஒரு சொல். எஸ்.என்.எம்.பி.யின் முதல் இரு பதிப்புகளில் கடவுச்சொல் வலையில் திறந்த கடிதமாகவே போகும். பல கருவிகளில் அது ‘பப்ளிக்’ என்ற எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகவே மாற்றப்படாமல் கிடக்கும். நலம் விசாரிக்க வந்தவரே அமைப்புகளைக் கலைத்துவிட்டும் போகலாம். அடையாளம் சரிபார்த்து, செய்தியை மறைத்து அனுப்பும் மூன்றாம் பதிப்பு 2002-இல் முழுத் தரமாக ஏற்கப்பட்டது. நம்முடையது அல்லாத கருவியை, அனுமதியின்றி, விளையாட்டுக்காகக்கூடத் தோழர்கள் விசாரிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் நிரலை இப்போது மாற்றிவிட்டோம். எந்திரம் ‘குறைவு’ என்றால் ஆய்வக உதவியாளருக்கும் பேராசிரியருக்கும் உடனே மின்னஞ்சல் போகிறது. நண்பகலுக்குள் ஒருவரேனும் ‘பார்த்தேன்’ என்று பதில் தராவிட்டால் துறைத் தலைவருக்குப் போகிறது. ஆய்வக அலமாரியில் எப்போதும் ஒரு புதிய கேட்ரிட்ஜ் இருக்கும். அதை எடுப்பவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேடு நாற்பது பக்க நோட்டுதான். எங்கள் நிரல் முழுவதையும்விட அதன் பயன் அதிகம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நூலகத்து எந்திரம் மட்டும் இன்னும் ‘மைனஸ் 3’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை அதை நேரில் போய்ப் பார்க்கிறோம்.

இதையெல்லாம் சென்ற வாரம் ஊரில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார். பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது.

“அப்ப, பொட்டி என்ன வேணும்னு சொல்லுதா?”

“சொல்லுதும்மா.”

“கேக்குறதுக்கு ஆள் இருக்கா?”

தோழர்களே, நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் சேவை மையங்களிலும் மருத்துவமனைகளிலும் எந்திரங்களுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறோம். எதிரே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஓர் அம்மா நிற்பார். எந்திரங்கள் தம் குறையைச் சொல்லுவதற்குப் பொதுமொழி ஒன்றை அறிஞர்கள் அமைத்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கு, நாம்தான் விடையாக நிற்க வேண்டும்.